மாமன் மடிக்குப் பத்து நாள்

என் மருமகனுக்கு என்னை நன்றாகத் தெரியும். தினமும் சாயந்திரம் போனில் பார்ப்பான், "மாமா" என்பான், திரைக்கு முத்தம் கொடுத்து எச்சில் பண்ணுவான். வயது இரண்டரை. சென்னையில் ஏழாவது மாடியில் வளர்கிற பிள்ளை. போனில் கிடைத்த முத்தங்களை நம்பித்தான், போன மே மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என் தங்கை அவனோடு இறங்கியதும், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினேன். அவன் போட்ட சத்தத்தில் ஆத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள்.

பக்கத்தில் பூ விற்கிற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தங்கையிடம் கேட்டது: "ஏம்மா, இவரு உனக்குத் தெரிஞ்சவருதானா?"

"எங்க அண்ணன்தாங்க" என்றாள் தங்கை, கொஞ்சம் யோசித்துவிட்டு.

அப்புறம் ஒரு யோசனை செய்தாள். அங்கேயே நின்று எனக்கு வீடியோ கால் போட்டாள். நான் இரண்டு முழம் தள்ளி நின்று எடுத்தேன். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்து, "ஹாய் மாமா" என்று சிரித்தான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். மறுபடியும் அலறல். போனுக்குள் இருந்த மாமன் தங்கமானவன். அவன் கை கால் முளைத்து வெளியே வருவான் என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

சாதாரண நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து பதினோராவது நாள் விக்கிரமங்கலம் பக்கத்தில், அவன் அப்பா வீட்டுக் குலதெய்வக் கோயிலில், அவனுக்கு மொட்டையும் காதுகுத்தும். இரண்டும் தாய்மாமன் மடியில் நடக்க வேண்டும். தங்கைக்கு நான் ஒரே அண்ணன். இந்தப் பதவிக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று இருந்தேன். ஆள் இருந்தது. அன்று சாயந்திரமே தங்கை வீட்டுக்காரர் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"மச்சான், பஸ் ஸ்டாண்டு கதையக் கேள்விப்பட்டேன். அவன் வரலன்னா நீங்க சங்கடப்படாதீங்க. எங்க அண்ணன் மடியில வச்சிக்கலாம். நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க, போதும்."

சும்மா பக்கத்தில் நிற்பது கல்யாண வாசலில் வாழைமரத்துக்குக் கொடுக்கிற வேலை.

வேப்பந்தட்டையில் எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் எங்கே கருகியது என்று தெரியும். பிள்ளையை எங்கே பிரித்துப் பார்ப்பது? தங்கையிடம்தான் கேட்டேன். அவள் போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தாள்.

"வெயில் காலத்துல வெளிய வச்சு வெளையாடணும்ணே. மண்ணு, தண்ணி, எல, ஐஸு எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்கணும். அப்புறம் கட, பஸ்ஸு, சமையல்னு பாவன பண்ணி வெளையாடணும். அவன்கூட வெளையாடு, தன்னால வருவான்."

என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மண்ணுல பெரளுறதுக்கு லிஸ்ட்டாம்மா? நாங்கல்லாம் எந்தப் போனைப் பாத்துப் பெரண்டோம்?"

"அதான் அண்ணி, உங்க தம்பி மூக்குல புளியங்கொட்டையப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு."

மனைவி பின்வாங்கி அடுப்படிக்குப் போனாள். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

முதல் நாள் காலையில் நான் பெரிய மனதோடு ஆரம்பித்தேன். வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து, அரை மூட்டை மக்காச்சோளத்தைக் கொட்டி, "வா மருமவனே, குளி" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் சோளத்தைப் பார்த்தான். அது போதும் என்று இருந்தேன். உள்ளே இறங்கி உட்கார்ந்தான், அள்ளினான், தலையில் கொட்டிக்கொண்டான். பிறகு ஒரு சோளத்தை எடுத்து நிதானமாக மூக்குக்குக் கொண்டுபோனான். தங்கை பருந்து மாதிரி வந்து கையைப் பிடித்தாள். சோளம் மூட்டைக்குத் திரும்பியது. எனக்குச் சட்டங்கள் போடப்பட்டன: அவன் கைமுஷ்டியை விடச் சின்னதாக எதுவும் கூடாது. ஒன்பது மணிக்குள் நிழலுக்கு, பத்து மணிக்குள் வீட்டுக்கு, மறுபடி அஞ்சு மணிக்குமேல்தான் வெளியே. வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் முதுகைத் திருப்பக் கூடாது.

அடுத்த நாள் தண்ணீர். அகலமான தாம்பாளத்தில் கொஞ்சம் ஊற்றி, டம்ளர், கரண்டி, வடிகட்டி எல்லாம் கொடுத்தோம். வெயிலில் கிடந்த கறுப்பு ஓஸில் முதலில் வருவது வெந்நீர்தான். அதைச் செடிக்கு விட்டு, என் முழங்கையில் பட்டுப் பார்த்து, குளிர்ந்த பிறகே ஊற்றினேன். பையன் என் மனைவியோடு டீ ஆற்றி விளையாடினான். அவளுக்கு ஒரு டம்ளர், நாய்க்கு ஒரு டம்ளர். எனக்கு இல்லை. தீர்ந்தால் மட்டும் என் பக்கம் திரும்பி, "தண்ணி!" என்பான். முகத்தைப் பார்க்க மாட்டான், ஓஸைப் பார்ப்பான்.

"முனிசிபாலிட்டி வேல கெடச்சிருக்கு உங்களுக்கு. விட்டுடாதீங்க" என்றாள் மனைவி.

நான்காவது நாள்தான் கொஞ்சம் வழி திறந்தது. பழைய பெயிண்ட் பிரஷ்ஷையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொடுத்து, காம்பவுண்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னோம். நனைந்த இடம் கறுப்பாகிறது, ஒரு கோடு, ஒரு வட்டம் தெரிகிறது. அவன் பிரஷ்ஷை நனைத்துத் திரும்புவதற்குள் வெயில் அதை நக்கிவிட்டது. திகைத்துப்போனான். சுற்றிலும் பார்த்தான். நியாயம் கேட்க அங்கே இருந்தது நான் ஒருவன்தான்.

"காணோம்" என்றான் என்னிடம்.

"ஆமாங்க, காணோம். மறுபடி அடிச்சிருவோமா?"

இருவரும் ஒரு மணி நேரம் அடித்தோம். வெயிலும் சலிக்காமல் அழித்தது. எதிர்வீட்டு அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டது: "என்ன தம்பி, கூலி எவ்ளோ பேசியிருக்க?"

"பேச்சுதாங்கக்கா கூலி" என்றேன். நிஜமாகவே அப்படித்தான்.

அடுத்த நாள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். பஸ் என்றேன். இல்லை, ரயில் என்றான். நான் உண்மையைச் சொன்னேன்: "மருமவனே, நம்ம பெரம்பலூருக்கு ரயிலு கெடையாதுப்பா. பஸ்ஸுதான்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "வெளையாட்டுலயாவது ரயில விடுங்களேன்! அதுக்குமா மனு குடுக்கணும்?"

விட்டோம். வெயில் அடங்கிய வேப்பமரத்தடியில் சாயந்திரம் அஞ்சரைக்கு ரயில் கிளம்பியது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டிரைவர் திரும்பி, "மாமா, எறங்கு" என்பார். இறங்குவேன். மறுபடி ஏறுவேன். பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனால், "அங்க" என்று கடைசி நாற்காலியைக் காட்டுவார். மடி எங்கே, கடைசிப் பெட்டி எங்கே! இன்னும் அஞ்சு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. மொட்டை என்றால் என்ன என்று விளையாட்டாகவே பழக்கிவிட்டால்? கிணற்றுத் தண்ணீரில் போட்ட கோடை மக்காச்சோளம் எங்கள் காட்டில் நின்றது. பச்சைக் கதிரின் உச்சியில் முடி கற்றை கற்றையாகத் தொங்குமே, தொட்டால் பட்டு மாதிரி, நனைத்தால் பிசுபிசுக்கும். பத்துக் கதிர் ஒடித்துவந்து மரத்தடியில் சலூன் திறந்தேன். கதிருக்குக் கழுத்தில் கர்சீப், முடிக்குத் தண்ணீர், சவரத்துக்குப் பிளாஸ்டிக் ஸ்பூன்.

பையன் அதில் அப்படியே சொக்கிப்போனான். முடியை நனைப்பான், நீவுவான், முகர்ந்து பார்ப்பான், ஸ்பூனால் சுரண்டுவான், மிச்சத்தைப் பிய்த்து எறிவான். "அடுத்து!" என்பான். ஒரு நாளைக்கு இருபது கதிர் மொட்டையாகி மாட்டுக்குப் போனது. எட்டாவது நாள் கதிர் தீர்ந்ததும் என்னைப் பார்த்தான்.

"மாமா, உக்காரு."

உட்கார்ந்தேன். ஈரக் கை என் தலையில் விழுந்தது. ஊருக்கு வந்த பிறகு அவனாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நனைத்தான், ஸ்பூனால் இழுத்தான், "ஆடாத" என்று அதட்டினான். நான் மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை. தங்கை வீட்டுக்காரருக்கு அன்றைக்கே போன் போட்டேன். "மாப்ள, உங்க அண்ணனச் சாப்புட மட்டும் வரச் சொல்லுங்க."

பேச்சுதான் பெரிசு. பதினோராவது நாள் கோயிலில் பாய் விரித்து, பூப்போட்டு, நான் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, மடியில் அவனையும் வைத்தாகிவிட்டது. அழவில்லை. எனக்கு மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. முடி எடுப்பவர் பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், பையன் துள்ளி எழுந்தான்.

"நான் வெட்டுவேன்! மாமாக்கு! மாமா உக்காரு!"

அஞ்சு நாளாக அவனுக்கு நான் சவரம் செய்யத்தான் பழக்கியிருந்தேன். செய்துகொள்ளப் பழக்கவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, கத்திக்குக் கை நீட்டி அழ ஆரம்பித்தான். அவன் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த ஓர் அடியை நான் இன்னும் மறக்கவில்லை.

முடி எடுப்பவர் விவரமானவர். "கொஞ்சம் இருங்க, பெரியவரே. முடியெடுக்குற தம்பி சொல்றதும் சரிதானே? மொதல்ல மாமனுக்கு எடுத்துருவோம். தம்பி தண்ணி தடவட்டும்."

"எனக்கு வேண்டுதல் எதும் இல்லீங்களே" என்றேன்.

"இப்ப வேண்டிக்கங்க" என்றாள் மனைவி.

மருமகன் தண்ணீர் தடவ, என் முடி பாயில் விழுந்தது. வழித்து முடித்து நான் நிமிர்ந்தபோது கூட்டம் சிரித்தது. பையன் சிரிக்கவில்லை. பின்னால் நகர்ந்தான். பஸ் ஸ்டாண்டில் பார்த்த அதே பார்வை. பத்து நாளாகப் பழகிய முகத்தை ஐந்து நிமிஷத்தில் நானே மாற்றி வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. தங்கை வாயில் கையை வைத்துக்கொண்டாள். பெரியப்பா இன்னோர் அடி வரவில்லை, பாவம், அவருக்கே இரக்கமாகப் போய்விட்டது.

நான் தலையை மட்டும் குனிந்து கொடுத்தேன்.

பிறகு ஒரு விரல் வந்து தொட்டது. பிறகு உள்ளங்கை. வழவழவென்று இருந்திருக்க வேண்டும், ஈரமாகவும் குளிர்ச்சியாகவும். இரண்டு கைகளாலும் தடவினான். இன்னும் வசதியாகத் தடவ வேண்டும் என்று என் மடியில் ஏறி, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான். கையை எடுக்கவில்லை.

"புள்ள மேக்க பாத்து உக்காந்திருக்கு, கெழக்க பாக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். திருப்பினால் காரியம் கெட்டுவிடும். நான் அவனை அப்படியே அணைத்துக்கொண்டு பாயிலேயே சுற்றி மேற்கே திரும்பினேன். பிள்ளை கிழக்கே பார்த்தது. மொட்டை முடியும்வரை அவன் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான், முடி எடுப்பவர் அவன் தலையை வழித்தார்.

காது குத்தும்போது அழுதான். ஊசி குத்திய ஆசாரியை விட்டுவிட்டு என் தலையில் பட்டென்று இரண்டு அடி வைத்தான், பிறகு என் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான். தங்கை ஓடிவந்து கையை நீட்டினாள். போகவில்லை. அவன் அப்பா வந்தார்.

"மச்சான், புள்ளயக் குடுங்க. நீங்க போயி மொதல்ல சாப்புட்டு வாங்க."

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க மாப்ள? அவரக் கேளுங்க" என்றேன்.

கேட்டார். பையன் என் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பந்தியில் என் மனைவி எனக்கு ஊட்டிவிட வேண்டியதாகிவிட்டது. அதற்காக ஊரார் செய்த கேலியை நான் இங்கே எழுதப்போவதில்லை.