ஆறு டப்பா, ஒரு தட்டு

ஊசியோடு போகிறவளுக்கு எந்த வீட்டிலும் நாற்காலி கிடைக்கும். கை மட்டும் சுலபத்தில் கிடைக்காது. ரத்தம் எடுத்தே பிழைக்கிற சக ஜீவன்களே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நான் லேப் டெக்னீஷியன். சென்னையில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்காக விருத்தாசலம் செராமிக் ஷெட்டுகளைச் சுற்றிவருகிறேன். பீங்கான் தூசியால் நுரையீரல் கெட்டுப்போகிற நோய்க்கு அங்கே ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். ரத்தம் எடுப்பது, மூச்சை அளப்பது, மாத்திரை கொடுப்பது, மிச்ச மாத்திரையை எண்ணுவது, இவ்வளவுதான் என் வேலை. அதிர்ச்சி அடைவது அதில் சேர்த்தி இல்லை. அதை நானாகச் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஐஸ் பெட்டி

எடுத்த ரத்தம் அன்றைக்கே சென்னை போய்ச் சேர வேண்டும். அதற்கென்று வரும் வண்டி ஒருநாள் வரவில்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேப்பூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கே போனால் சென்னை வண்டி ஏதாவது கிடைக்கும். பக்கத்து சீட்டு அம்மாள் பெட்டியைப் பார்த்து, "மீனா?" என்றார். எனக்குச் சட்டென்று பொய் வராது. "ரத்தம்" என்றேன். முன்சீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

செராமிக்கில் வேலை செய்கிறவர்களின் ரத்தம், நுரையீரல் ஆராய்ச்சிக்குப் போகிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். நடுவழியில் இறக்கிவிடப் போகிறார்கள் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தன் கையால் தாங்கிக்கொண்டார். வேப்பூர் வரைக்கும் எடுக்கவில்லை. இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்: "எங்க வூட்டுக்காரரும் அங்கதாம்மா மண்ணு அரைக்கிறாரு. அவுரோடதும் இதுல இருக்கும். குலுங்காம எடுத்துக்கிட்டுப் போ."

ஊதுகிற மிஷின்

அஞ்சலை அக்காவை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது மூச்சு அளக்கிற மிஷின்தான். நெஞ்சு நிறைய இழுத்து, குழாயில் கடைசிவரைக்கும் ஊத வேண்டும். அக்கா ஊதினார். திரையில் வந்த எண்ணைப் பார்த்து, மிஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வேறு குழாய் மாட்டி நானே ஊதிப் பார்த்தேன். மிஷின் நன்றாகத்தான் இருந்தது. அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. எண்ணோ எண்பது வயதுக்காரியுடையது.

என்ன வேலை செய்கிறீர்கள், காட்டுங்கள் என்று கூடவே போனேன். கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு, பூசுகிற வேலை. வெந்த பொம்மையை எடுத்து, காலிலிருந்து தலைவரைக்கும் வாயால் 'ஃபூ' என்று ஊதி, பிறகு கிளேஸில் முக்கி எடுக்கிறார். தூசி இருந்தால் கிளேஸ் ஒட்டாதாம். ஊதிய தூசி வெள்ளையாக எழும்பி, அக்கா அடுத்த மூச்சை இழுக்கும்போது அப்படியே அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. நூற்றுக்கணக்கான பொம்மை, தினம் தினம். ஈரத் துணியால் துடைக்கக் கூடாதா அக்கா, மிஷினில் இன்னும் பலமாக ஊதுங்கள் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேனே என்று உளறிக்கொட்டினேன். அக்கா அடுத்த பொம்மையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷமா ஊதிக்கிட்டுத்தான் இருக்கேன் பாப்பா. எந்தப் பொம்மையும் உன்ன மாதிரி இன்னும் பலமா ஊதுன்னு கேட்டதில்ல."

காசி அண்ணன் பாடம் நடத்தியது

ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் மேடம் ஒருமுறை நேரில் வந்து லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டினார். நுரையீரலுக்குள் காவல் செல்கள் இருக்கின்றன. தூசி வந்தால் விழுங்கிவிடும். ஆனால் இந்தக் கல்தூசியை அவற்றால் செரிக்க முடியாது. செல்லுக்குள் இருக்கிற பை கிழிந்துபோகிறது. உடனே அது அபாயச் சங்கு ஊதுகிறது. சங்கைக் கேட்டு வேறு காவல் செல்கள் ஓடிவந்து, அதே தூசியை விழுங்கி, அதே மாதிரி கிழிந்து, அவையும் சங்கு ஊதுகின்றன. இப்படியே ஊதி ஊதி, அந்த இடமெல்லாம் தழும்பாகி, நுரையீரல் விரியாமல் விறைத்துப்போகிறது. புது மருந்து தூசியை எடுக்காது. அந்தச் சங்கை அடக்கப் பார்க்கும்.

சூளையில் அடுக்குகிற காசி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இருமல் உண்டு. புரிந்ததா என்று மேடம் கேட்டார். அவர் சொன்ன பதிலில் மேடம் லேப்டாப்பை மூட மறந்துவிட்டார். இதையே மாணவர்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆகிறது என்று காரில் ஏறும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்னது இதுதான்: "தூசி பாட்டுக்கு ஒரு மூலையில குந்திக்கிட்டு இருக்குதுங்க. அத்தத் தொரத்துறேன்னு வந்தவங்கதான் வூட்ட இடிச்சிப்புட்டுப் போறாங்க."

எனக்கும் தெரியாத மாத்திரை

மருந்து கொடுக்கும்முன் எல்லாவற்றையும் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். அஞ்சலை அக்காவின் ஷெட்டில் ஆறு பேர் சேர முன்வந்தார்கள். அக்காவும் காசி அண்ணனும் அதில் அடக்கம். படிவத்தில் இருந்த தமிழ் எனக்கே புரியவில்லை. அதனால் என் பாஷையில் சொன்னேன்: "ஆளுக்கு ஒரு டப்பா. நம்பர் போட்டிருக்கும். சில டப்பாவில் மருந்து, சில டப்பாவில் வெறும் மாவு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும்." நன்றாக விளக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

வேலையில் இருக்கிறவள் செய்யக்கூடாத ஒன்றை அன்றைக்குச் செய்தேன். அக்காவின் டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது, இதில் மருந்துதான் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். மூச்சு மிஷின் காட்டிய அந்த எண் என் தலையை விட்டுப் போகவே இல்லை. அக்கா டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "என்னா குடுக்குறன்னு உனக்கே தெரியல. ரத்தம் மட்டும் கரெட்டா எடுத்துக்கிற."

எண்ணிக்கை

மாதா மாதம் டப்பாவைத் திரும்ப வாங்கி மிச்சத்தை எண்ணுவேன். தவறாமல் சாப்பிட்டார்களா என்று அதில்தான் தெரியும். எண்ணியவர்களுக்குத் தெரியும், இது கண்ணில் ரத்தம் வரவழைக்கிற வேலை. ஒருவர் டப்பாவில் அதிகம் இருக்கும், ஒருவருடையது பாதியிலேயே தீர்ந்திருக்கும். கம்மாபுரம் பக்கத்திலிருந்து பைக்கில் வேலைக்கு வருகிற ஒருவர், கொடுத்த டப்பாவைச் சீல்கூட உடைக்காமல் திருப்பிக் கொண்டுவந்தார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். சுரங்கத்துக்கு நிலத்தை எடுக்கப் போகிறார்கள், வீடு மாற்ற வேண்டும் என்று அந்த வீட்டில் எப்போதும் ஒரே கவலை. அவர் ரொம்பப் பொறுப்பாகச் சொன்னார்: "போற எடத்துல இது கெடைக்குமோ கெடைக்காதோ. அதான் பத்திரமா சேத்து வெச்சிருக்கேன்."

அஞ்சலை அக்கா ஷெட்டில் மட்டும் அந்தக் கதையே கிடையாது. ஆறு டப்பா, ஆறும் ஒரே கணக்கு. மூன்று மாதமாக ஒரு மாத்திரைகூட முன்பின் இல்லை. சென்னைக் கூட்டத்தில் எங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள் என்று மேடம் போன் செய்து சொன்னார். நான் போய் அவர்களைப் பாராட்டியபோது காசி அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்: "இதுல என்னாங்க சிஸ்டர் இருக்குது? நாங்கதான் எல்லாத்தையும் ஒன்னாவே செய்யிறமே."

அந்தச் சொல்லை அன்றைக்கே நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

தட்டு

நாலாம் மாதம், சொல்லாமல் ஒருநாள் போனேன். மிஷினில் மாட்டி ஊதுகிற குழாய் ஒன்றை மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். டீ வேளை. ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓரம் உடைந்த ஒரு பீங்கான் தட்டு. அதில் மாத்திரைகள் குவியலாக இருந்தன. பக்கத்தில் ஆறு டப்பாக்களும் மூடி திறந்து காலியாக நின்றன. அஞ்சலை அக்கா கையை விட்டு நன்றாகக் கிளறி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேனா, கத்தினேனா, ஞாபகமில்லை. அவர்கள் ஒளிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம். மாதக் கடைசியில் மிச்சத்தை ஆறாகப் பிரித்து டப்பாவில் போட்டுவிடுவார்களாம். அதனால்தான் அவ்வளவு சுத்தமான கணக்கு! நான் பாட்டுக்கு மூன்று மாதம் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஏன் இப்படி, யார் சொன்னது என்றேன். அக்காவுக்கு என் கேள்விதான் புரியவில்லை.

"நீதானே பாப்பா சொன்ன, சில டப்பாவுல மாவுன்னு. மண்ணு லோடு வரும்போது ஒரு லோடு நல்லதா இருக்குது, ஒரு லோடு மட்டமா இருக்குது. அப்புடியே ஓட்டுனா பாதி பொம்மை சூளையில வெடிச்சிப் போவும். கலந்துதான் ஓட்டுவோம். மனுசங்கள மட்டும் தனித்தனியா வெச்சி வேவ வைக்கச் சொல்றியா?"

போன்

பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அக்காவுக்கு மாத்திரை நின்றுவிடும். கைக்குக் கிடைத்த ஒரே வழி அது. அவருடைய எண் இந்த மாதம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆனால் சொல்லாவிட்டால் நடப்பதையும் நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் கலந்து சாப்பிட்டால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் இருக்கும். மருந்து சாப்பிட்டவனுக்கும் மாவு சாப்பிட்டவனுக்கும் வித்தியாசமில்லை, மருந்து உதவாது என்று கணக்கு சொல்லும். நல்ல மருந்தாக இருந்தாலும் குப்பைக்குப் போகும். ஊர் ஊராகக் கல் உடைக்கிறவர்கள், மண் அரைக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் என் ஷெட்டிலிருந்து ஒரு பொய் போய்ச் சேரும். அழுதுகொண்டே போன் செய்தேன். மேடம் கேட்டார்: "இத்தனை படிவம் எழுதினோமே, 'கலக்காதீர்கள்' என்று ஒரு வரி எழுதத் தோன்றியதா நம்மில் யாருக்காவது?"

ஆறு பேர்

மேடம் வந்தார். ஆறு பேரையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாத்திரை நின்றது. மூச்சுப் பரிசோதனையும் வழக்கமான வைத்தியமும் தொடரும். வாயால் ஊதுவதற்குப் பதில் ஈரப் பஞ்சால் துடைக்க முதலாளியிடம் பேசி ஏற்பாடு செய்தார்கள். யார் உடம்பில் எவ்வளவு மருந்து போயிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, மேலிடத்தில் அனுமதி வாங்கி அந்த ஆறு டப்பாவின் ரகசியத்தை மட்டும் பிரித்தார்கள். மூன்றில் மருந்து, மூன்றில் மாவு. காசி அண்ணனுடையது மாவு. அஞ்சலை அக்காவுடையது மருந்து.

நான் வேண்டிக்கொண்டது பலித்திருந்தது. அக்கா கையில் முழு மருந்தும் இருந்திருக்கிறது. கிளறிக் கிளறிப் பாதியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தாங்க முடியவில்லை. கலக்காமல் இருந்திருந்தால் மூன்று மாதமும் முழுசாக உங்களுக்கே கிடைத்திருக்குமே அக்கா என்று மேடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அக்கா எதிரில் இருமிக்கொண்டிருந்த காசி அண்ணனைப் பார்த்தார். மூச்சு வாங்கி நிதானித்துக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "அப்ப நான் தெனமும் மருந்த முழுங்கிக்கிட்டு, எதுத்தாப்புல இவுரு மாவு திங்கிறதப் பாத்துக்கிட்டே டீ குடிச்சிருப்பனா பாப்பா? நல்லவேளை, எல்லாத்தையும் ஒரே தட்டுல கொட்டுனோம்."

ஆராய்ச்சி அறிக்கையில் அந்த ஆறு பேருக்கும் எதிரே 'விதிமீறல்' என்று எழுதியிருக்கிறது, கையெழுத்து என்னுடையது.