வத்தல்மலைக்கு ஜாஸ்மின் வைத்த சைரன்

இன்னாசி மகள் ஜாஸ்மினுக்கு இடி என்றால் பயம் கிடையாது, கோபம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அவர்கள் வீட்டுப் புளியமரத்தடியில் கட்டியிருந்த இரண்டு கறவை மாடுகளையும் ஒரே மின்னல் சாய்த்தபோது அவள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். மாட்டு உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "மரத்துல உழுந்த இடி மாட்டை எப்டிப்பா கொல்லும்?" என்று கேட்டாள். "நம்ம விதி" என்று இன்னாசி முடித்துக்கொண்டார். அவளுக்கா அந்தப் பதில் போதும்? அவள் பிடித்தால் குரங்குப்பிடி.

தருமபுரியில் இயற்பியல் படித்தாள். வளிமண்டல ஆராய்ச்சிக்காகப் புனே வரைக்கும் போனாள். கல்யாணம் காதுகுத்து என்று எங்கே போனாலும் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். "மழை வருமான்னு சொல்லத்தான் டிவி இருக்குதே, நீ எதுக்கு அத்தினி வருஷம் படிச்ச?" தன் ஆராய்ச்சி மழையைப் பற்றியதே இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். மலைமேல் திரளும் மேகத்திலிருந்து முதல் மின்னல் எப்போது இறங்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அவள் வேலை. இரண்டாவது மின்னலுக்குள் ஜனங்கள் ஓடி ஒளிந்துவிடுவார்கள். வெட்டவெளியில் நிற்கிறவனை அள்ளிக்கொண்டு போவது முதல் மின்னல்.

பெங்களூரில் வேலை கிடைத்ததும் அவள் முதலில் தேர்ந்தெடுத்த இடம் வத்தல்மலை. அங்கே ஒரு ஊரில், பொதுக்கட்டட மொட்டைமாடியில், மேகத்துக்கும் தரைக்கும் நடுவில் மின்சாரம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கருவியை வைத்தாள். ஒரு அளவைத் தாண்டினால் சைரன் ஊதும். ஊதினால் காட்டில் பயிர்வேலை செய்பவர்கள் வீட்டுக்குள் போய்விட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் வருஷம் அது ஊதியது, ஊதியது, ஊதிக்கொண்டே இருந்தது. பாதி நாள் மேகம் வந்த வழியே கலைந்துபோகும், இடியும் இருக்காது, மின்னலும் இருக்காது. சாமை அறுப்பு நேரத்தில் ராமக்காள் என்ற பெண்தான் சண்டைக்கு வந்தாள். வாய்க்காரி, ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள்.

"ஏ ஜாஸ்மினு, உன் மிஷினு எங்கள அறுக்க வுடுமா, வுடாதா? புதுப் பொண்டாட்டி மாதிரி எதுக்கெடுத்தாலும் கத்துது!"

"கத்தட்டும்க்கா. உங்க உசுருக்குத்தானே கத்துது."

"உசுரு இருந்து என்ன பண்ண? கதிரு காட்டுலயே கொட்டிப்போச்சுன்னா சோத்துக்கு மண்ணையா அள்ளித் திங்கறது? கொஞ்சம் கொறச்சு வெய்யி கண்ணு."

பெங்களூரிலும் இதே பாட்டுதான். இத்தனை பொய் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினால் எந்த இதழும் தொடாது என்றார் மேலதிகாரி சந்திரமோகன். ஊரும் கேட்கிறது, ஆபீசும் கேட்கிறது. ஜாஸ்மின் யோசித்தாள், கணக்குப் போட்டாள், கடைசியில் அளவை உயர்த்தி வைத்தாள். இனி நிச்சயமாகத் தெரிந்தால்தான் சைரன் ஊதும்.

மறு வருஷம் அது அபூர்வமாக ஊதியது. ஊதினால் இடி விழுந்தது. கட்டுரை வெளிவந்தது, சந்திரமோகன் கைகொடுத்தார். மலையில் ராமக்காள் சைரனுக்குக் கொடுத்த மரியாதையை மாமியாருக்குக்கூடக் கொடுத்ததில்லை. முன்பெல்லாம் பாறைமேல் கருமேகம் இறங்கினாலே அரிவாளைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பது அந்த ஊர் வழக்கம். இப்போது யாராவது அண்ணாந்து பார்த்தாலே அவள் அதட்டுவாள். "சைரன் ஊதுச்சா? அப்புறம் என்னாத்துக்குடி மானத்தப் பாக்கற? குனிஞ்சு அறு!" ஜாஸ்மினுக்கு இதைக் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே?

அந்தச் செப்டம்பரில் ஒருநாள் பிற்பகல், சாமைக் காட்டில், முதல் மின்னல் ராமக்காள்மேல் விழுந்தது. பக்கத்து வரிசையில் அறுத்துக்கொண்டிருந்த மணிமேகலை தூக்கி எறியப்பட்டுப் பிழைத்துக்கொண்டாள். ராமக்காளைத் தூக்கியபோது மூச்சில்லை. அவளைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதுதான் சைரன் ஊதியது.

செய்தி வந்தபோது ஜாஸ்மின் தருமபுரியில் இருந்தாள். கணினியைத் திறந்து அன்றைய பதிவைப் பார்த்தாள். பழைய அளவை மின்சாரம் எப்போதோ தாண்டியிருந்தது. அந்த அளவிலேயே விட்டிருந்தால் ராமக்காள் வீடு போய்ச் சேர்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, ஜாஸ்மினை நாலு திட்டும் திட்டியிருப்பாள். அத்தனை நேரம் இருந்தது. ஐயோ என்று வாய்விட்டு அலறிவிட்டாள் அவள்.

மறுநாள் மலைக்குப் போனாள். சாவு வீட்டில் ராமக்காளின் புருஷன் தீர்த்தகிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, நான்தாங்க அளவ ஏத்தி வெச்சேன். பழையபடி இருந்திருந்தா முன்னாடியே ஊதியிருக்கும். அக்கா வூட்டுக்கு வந்திருப்பாங்க."

ஏதாவது கேட்பார், கை ஓங்குவார் என்று நின்றாள். ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாங்கதானேம்மா கேட்டோம்" என்றார் தீர்த்தகிரி. "மானம் கறுத்துச்சு. கெளம்பலாம்டின்னு சொன்னேன். படிச்ச புள்ள வெச்ச மிஷினுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கேட்டா. நானும் குனிஞ்சு அறுத்தேன்."

அன்றைக்கே ஜாஸ்மின் மாடி ஏறி அளவைப் பழையபடி இறக்கினாள். சந்திரமோகனிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

கருமாதி முடிந்தபிறகு தீர்த்தகிரி மிச்சக் கதிரை அறுக்கக் காட்டுக்குப் போனார். ஜாஸ்மினும் கருவியைப் பார்க்க மலைக்கு வந்திருந்தாள். மேகம் திரண்டது, சைரன் ஊதியது. காட்டிலிருந்த சனமெல்லாம் அலறிப் புடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. தீர்த்தகிரி மட்டும் ராமக்காள் விட்டுப்போன வரிசையில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். ஜாஸ்மின் காட்டுக்குள் ஓடினாள்.

"அண்ணா, உள்ள வாங்க! கால்ல உழறேன்."

"நீ போம்மா."

"நீங்க வராம நான் போகமாட்டேன்."

அவர் அறுத்தார். அவள் நின்றாள். அந்த வெட்டவெளியில் நிற்பதற்கு என்ன பொருள் என்று அந்த மலையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. ஆனாலும் நகரவில்லை. கடைசியில் தீர்த்தகிரி அரிவாளை வீசி எறிந்தார். "பொட்டப்புள்ள சாவு வேற என் தலையில வேணாம், நட" என்று முன்னால் நடந்தார்.

தீர்த்தகிரி வீட்டு வாசற்படிக்கு உள்ளே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காற்று திரும்பியது. மேகம் அரூர்ப் பக்கம் நகர்ந்துபோய்ப் பொசுக்கென்று வெயில் அடித்தது. இடியும் இல்லை, ஒரு சொட்டு மழையும் இல்லை. எதிர்வீட்டு வாசலிலிருந்து சனம் ஜாஸ்மினையே பார்த்தது. அவளுக்குத் தலை நிமிரவில்லை.

"சும்மாதான் ஊதியிருக்குதுங்கண்ணா" என்றாள்.

தீர்த்தகிரி வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்டியே சும்மா ஊதிட்டு இருந்திருக்கலாமேம்மா" என்றார். "உன்னத் திட்டிக்கிட்டே அவளும் இங்க உக்காந்திருப்பா."