சூடானால் மட்டும்

என் கணவர் கார் மெக்கானிக். பயந்த சுபாவம், வண்டி சரியாகிவிட்டால்கூட இன்னும் நாலு தடவை திறந்து பார்ப்பார்.

ஒரு டீச்சர் பெண்ணின் கார் அவரைப் பாடாய்ப் படுத்தியது. தானாகவே கியர் மாறும் வண்டி அது; ரோட்டில் திடீரென்று மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொள்ளும். எங்கள் ஷெட்டுக்கு வந்தால் மட்டும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஓடும்.

"எனக்குத்தான் ஓட்டத் தெரியலைன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாருண்ணே," என்றாள்.

இவருக்குச் சோறு இறங்கவில்லை. கியரை மாற்றும் கம்ப்யூட்டர் பெட்டி சூடானால் மட்டும் மக்கர் செய்கிறதோ என்ற சந்தேகத்தில், என் ஹேர் டிரையரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெட்டியைச் சூடாக்கிவிட்டு, அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். தெருமுனை தாண்டியதும் வண்டி முனகியது. கியர் மூன்றை விட்டு நகரவில்லை.

"மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார். "அப்போ என் தப்பில்லையாண்ணே!" என்று அவள் அழுதேவிட்டாள்.

புதுப் பெட்டியைப் பொருத்தி, அதில் புரோகிராம் ஏறி முடியும்வரை இவர் மூச்சே விடவில்லை. பிறகு கியர்கள் சத்தமில்லாமல் ஏறி இறங்கின.

கிளம்பியவள் திரும்பி வந்தாள். "அண்ணே, அந்தப் பழைய பெட்டியைக் குடுங்க."

"செத்துப்போனது எதுக்கும்மா?"

"ராத்திரி எங்க வீட்டுக்காரர் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்துல வைக்கணும்."

நானே துடைத்துக் கொடுத்தேன்.