பூவரசங்குழைப் பூதம்

ஓர் ஆட்டுக்குப் பயந்து ஓடிய மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், இந்தப் பத்தியின் மேலே இருக்கிற என் படத்தைப் பாருங்கள்.

இப்போதே சிரிக்க வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

மூன்று வாரங்களுக்கு முன் அன்ரன் வீட்டில் ஒரு பூதப் படம் போட்டார்கள். அன்ரன் எங்களுக்கு அடுத்த ஒழுங்கை. கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். மின்சாரம் போய் எத்தனை வருஷம் என்பதை மறந்துவிட்ட இந்த அரியாலையில், அவனிடம் ஒரு ஜெனறேற்றர் இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும். ஓடும் என்பதைவிட, இருமும் என்பது சரி.

படம் எந்த நாட்டினுடையதோ தெரியாது. கொப்பியின் கொப்பியின் கொப்பி. கடலுக்குள்ளிருந்து ஒரு பூதம் வந்து ஊரை அழிக்கிறது. ஊர் என்றால் மூன்று பேர். மூன்று பேரையும் விழுங்கிய பிறகும் பூதத்தின் வயிறு அப்படியே இருக்கிறது. முதுகில் ஸிப் பளபளக்கிறது. ஓடுகிற பெண் ஒரே மரத்தை நாலு தடவை கடக்கிறாள். பூதமோ, பென்சன் எடுக்கப் போகிற ஆள் மாதிரி நடக்கிறது... இவ்வளவு மெதுவாக வருகிற ஒன்றிடம் எல்லோரும் எப்படித்தான் பிடிபடுகிறார்கள்?

நான் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன். காசு இல்லாவிட்டால் ஏன் படம் எடுக்கிறான்கள் என்றும் கேட்டேன்.

அன்ரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணை, இருந்து சிரிக்கிறது லேசு. எடுத்துப் பாத்தால்தான் தெரியும்."

"உந்தப் பூதத்தைவிட நான் நல்லாப் பயமுறுத்துவன்" என்றேன்.

என்னுடைய நாக்கு எப்போதும் என்னைக் கேட்காமல்தான் வேலை செய்யும்.

அன்ரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சரி. வாற சனிக்கிழமை வெள்ளண, விடியவே வாங்கோ. நீங்கள்தான் பூதம். உடம்பும் தோதாத்தான் கிடக்கு."

அன்றிலிருந்து நான் யாரையும் பார்த்து லேசில் சிரிப்பதில்லை.

பூதம் தயாரித்த விதத்தைக் கேளுங்கள். உடம்புக்கு நாலு சீனிச் சாக்கு. தலைக்கு ஒரு பழைய பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பல்லுக்குக் கணவாய் மீனின் ஓட்டைச் சீவி ஒட்டினான். கொம்புக்கு இரண்டு பனைமட்டைத் துண்டு. வாலுக்குத் தும்பு அடைத்த சைக்கிள் ரியூப். கடல் பூதம் என்றால் செதிள் வேண்டாமா? அதற்குத்தான் அன்ரன் ஒரு யோசனை கண்டுபிடித்தான். வேலியில் பூவரசு நிறைய நிற்கிறது. இலையை நெருக்கமாகக் குத்திக்கொண்டு போனால் பச்சைச் செதிள்!

நானும் "அட, நல்ல யோசனை!" என்றேன். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பூவரசங்குழையை இந்த ஊரில் யார் தின்பார்கள் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஸிப் எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே என்னை உள்ளே விட்டு, முதுகுப் பக்கத்தைச் சாக்கு தைக்கிற ஊசியால் மூடித் தைப்பதென்று முடிவாயிற்று. தைத்தவர் என் மனைவி. இருபது வருஷக் கோபம் எல்லாம் அந்த ஊசியில் தெரிந்தது.

"இஞ்சேரும், கொஞ்சம் இளக்கித் தையும். மூச்சு விடேலாமல் கிடக்கு."

"மூண்டு பிள்ளையளுக்குத் தேப்பன். பூதமாப் போறாராம். பேசாமல் நில்லுங்கோ!"

கடகத்துக்குள் நின்று பேசினால் யாருக்கும் கேட்காது. அது அவவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

சூட்டிங், கடல்நீரேரிக் கரையில், ஞானம்மா அக்காவின் வீட்டு வளவில். அவ மீன்பிடிக்கிற குருநகரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவ. மீன் வெட்டுகிற கையால் கதைப்பவ. வளவு தரலாம், ஆனால் மத்தியானத்துக்கு முன் எல்லாம் முடியவேண்டும் என்று கட்டளை.

முதற் காட்சி: பூதம் கடலிலிருந்து எழும்ப வேண்டும்.

எங்கள் கடல்நீரேரியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரைவாசித் தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேலே வராது. முழங்கால் தண்ணீரில் ஒரு பூதம் எப்படி மறைந்திருக்கும்? படுத்துத்தான். நான் படுத்தேன். சாக்கு நாலும் தண்ணீர் குடித்தன. "எழும்புங்கோ அண்ணை!" என்றான் அன்ரன். எழும்ப முடியவில்லை. அவனே வந்து தூக்கிவிட்டு, ஓடிப்போய்க் கமராவுக்குப் பின்னால் நின்று, "பயங்கரமா வாங்கோ!" என்றான்.

அடுத்த சிக்கல் வயர். பற்றறி இல்லாத ஊரில் கமரா ஜெனறேற்றரிலிருந்து வருகிற வயரில்தான் உயிர் வாழ்கிறது. வயர் முடிகிற இடத்தில் கமரா நின்றுவிடும். ஆகவே பூதம் அதன் கண்ணுக்கு முன்னாலேயே சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஒரே மரத்தை நாலு தடவை கடந்த அந்தப் பெண்ணை நினைத்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஞானம்மா அக்கா பதுங்க வெட்டிவைத்த பங்கர் வாசல் படத்துக்குள் வந்து நின்றது. பூதக் கதையில் பங்கருக்கு என்ன வேலை? அன்ரன் இரண்டு தென்னோலையை அதன்மேல் சாத்திப் பார்த்தான். அப்போதும் அது தென்னோலை சாத்திய பங்கராகத்தான் இருந்தது. விட்டுவிட்டோம்.

இனி, கதாநாயகி. பூதம் துரத்துவதற்கு ஒரு பெண் வேண்டும். ஊரில் யாரும் பெண்ணை விடவில்லை. கடைசியில் கதை மாறிற்று. பூதம் ஒரு ஆட்டைத் துரத்தும்! ஆடு ஞானம்மா அக்காவுடையது.

"வெருட்டிப் போடாதையும் தம்பி. பால் வத்திப்போகும்" என்றா அவ.

"வெருட்டத்தானே அக்கா படம் எடுக்கிறம்?"

"நீர் அதை வெருட்டுவீரோ? பாப்பம்."

நான் இரண்டு கையையும் தூக்கி, உறுமிக்கொண்டு ஆட்டை நோக்கிப் போனேன்.

ஆடு என்னைப் பார்த்தது. மூக்கை நீட்டி மணந்தது. பூவரசங்குழை... அதுவும் உப்புத் தண்ணீரில் தோய்த்த பூவரசங்குழை! அதன் வாழ்நாளில் இப்படி ஒரு விருந்து நடந்து வந்ததில்லை. முதற் கடி தொடையில். இரண்டாவது கடியை எழுதமாட்டேன்.

பூதம் திரும்பி ஓடிற்று. ஆடு துரத்திற்று. ஞானம்மா அக்கா மீன் வெட்டுவதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "நிப்பாட்டாதையுங்கோ அண்ணை, ஓடுங்கோ, நல்லா வருது!" என்று அன்ரன் கத்தினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கடகத்துக்குள் இருந்த எனக்கு முதலில் ஜெனறேற்றர்தான் கூட இருமுகிறது என்று பட்டது. அன்ரனின் முகத்தைப் பார்த்தபிறகுதான் விளங்கிற்று. கடல் பக்கமிருந்து ஆமியின் ஹெலிகொப்டர் வருகிறது. பதிவாக, மரத்தை முட்டுகிற மாதிரித் தாழ வருகிறது.

யார் எப்படி மறைந்தார்கள் என்று தெரியாது. ஓட்டை இரண்டிலும் பார்த்தேன். வளவில் நானும் ஆடும் மட்டும்.

இந்த மாதிரிப் படங்களில் உள்ள உண்மையான குறையை அந்தக் கணத்தில் கண்டுபிடித்தேன். காசு அல்ல. கதை அல்ல. பூதத்துக்குக் கண் தெரியாது, கால் மடங்காது, ஓடவே முடியாது! மெதுவாக நடக்கிறது என்று நக்கலடித்தேனே... அது பாவம், தன்னால் இயன்றளவு ஓடித்தான் இருக்கிறது!

எப்படியோ பங்கர் வாசலுக்கு வந்து தலையை நீட்டினேன். உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த நாலைந்து குரல்கள் ஒரேயடியாக நின்றன. பிறகு ஒரு அலறல். பக்கத்து வளவிலிருந்து ஓடி வந்த பெண்கள். பூதப் படம் எடுக்கிற விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

"மாதாவே! என்ன உது வாசல்லை?"

"நான்தான்!"

"நான்தான் எண்டால் ஆர்?"

நாற்பத்தெட்டு வருஷமாக வைத்திருக்கிற பெயர். அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை.

"நான்தான்... பூதம்!"

"அது எங்கடை எழுத்தாளர் தம்பியடி" என்றது ஞானம்மா அக்காவின் குரல். "விலகும் தம்பி, முதல் ஆடு வரட்டும்!"

ஆடு என் கால்களுக்கு இடையால் புகுந்து உள்ளே போயிற்று. பின்னால் நானும் புகுந்தேன். பாதி புகுந்தேன். தண்ணீர் குடித்து ஊதிய சாக்கு, வாசலில் பொருத்தமாக இறுகிக்கொண்டது.

"கழட்டிப்போட்டு வாரும்!"

"கழட்டேலாது அக்கா. மனிசி தைச்சுப் போட்டா!"

"எங்கடை வீட்டிலையும் உப்பிடி ஒண்டைத் தைச்சு வைச்சால் நல்லது" என்றது இருட்டிலிருந்து ஒரு குரல்.

உள்ளே இருந்த அன்ரன் என் கொம்பைப் பிடித்து இழுத்தான். தலை போயிற்று. நான் போகவில்லை. ஹெலி வளவுக்கு மேலேயே நின்றது போல இருந்தது. படபடவென்று வெடிச்சத்தமும் கேட்டது. எங்கே என்று யாருக்குத் தெரியும்? என்னுடைய மேற்பாதி இந்தப் பக்கம், கீழ்ப்பாதி அந்தப் பக்கம். கால் இரண்டையும் உதைத்தேன். நல்லூரானைக் கூப்பிட்டேன். பதில் வரச் சுணங்கியதால் அந்தோனியாரையும் கூப்பிட்டேன். மரண அறிவித்தல் கண்ணுக்கு முன்னால் வந்தது: 'அன்னார், அகால மரணமடைந்த வேளையில் கடற்பூதமாகக் கடமையாற்றிக்கொண்டிருந்தவரும்...'

"அசையாதையும்!" ஞானம்மா அக்கா கையோடு கொண்டுவந்த மீன் கத்தியுடன் என் முதுகின்மேல் எட்டிப் படுத்தா. "அசைஞ்சீர் எண்டால் பூதத்தோடை சேத்து உம்மையும் கீறிப்போடுவன்."

நான் அசையவில்லை. பயத்தில் அசைந்தது தவிர.

ஒரே இழுப்பு. தையல் பிரிந்தது. பெனியனும் அரைக்காற்சட்டையுமாக நான் தலைகீழாக உள்ளே விழுந்தேன், ஆட்டின்மேல். அது என்னை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சத்தம் தேய்ந்து போன பிறகு வெளியே வந்தோம். யாருக்கும் ஒன்றும் இல்லை. மணல் குழிகுழியாகக் கிடந்தது. நான் உதைத்த உதை என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பால் வற்றவில்லை என்று மறுநாள் அக்கா சொல்லியனுப்பினா.

பயத்தில் ஓடிய அன்ரன் கமராவை நிப்பாட்ட மறந்துவிட்டான். ஜெனறேற்றர் இருமிக்கொண்டே இருந்திருக்கிறது. போன ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தக் கசற்றை அவன் வீட்டில் போட்டுப் பார்த்தோம். மனைவி, ஞானம்மா அக்கா, ஒழுங்கையில் பாதிப்பேர்.

பூதம் எழும்ப முடியாமல் கிடந்ததற்குச் சிரித்தார்கள். ஆடு துரத்தியதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பங்கர் வாசலில் இரண்டு கால் மட்டும் உதைத்துக்கொண்டிருக்க, என் மனைவிக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. "ஐயோ, நிப்பாட்டு அன்ரன், ஏலாது" என்றா.

அப்போது திரையில் மணல் துள்ளிற்று.

கிணற்றடியிலிருந்து ஒரு வரிசையாக. பொட்டு, பொட்டு, பொட்டென்று. யாரோ ஓடி வருகிற மாதிரி வந்து, என் குதிக்காலுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. அதற்குப் பிறகுதான் என் கால்கள் உள்ளே போயின. வாசலில் சாக்கு மட்டும் தொங்கிற்று.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஞானம்மா அக்கா சிலுவை போட்டுக்கொண்டா.

"இஞ்சேருங்கோ" என்றா மனைவி. "அது உங்கடை கால்தானே?"

"ஓம்."

அவ என்னைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்தா. பிறகு, பக்கத்தில் இருந்த என் வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டா. படம் முடியும்வரை விடவில்லை.

பயமுறுத்துவேன் என்று சொன்னேன் அல்லவா? பயமுறுத்திவிட்டேன்.

அன்ரன் கசற்றை வெளியே எடுத்தான்.

"அண்ணை, எங்கடை படத்திலை உந்த ஒரு காட்சிதான் அச்சொட்டா, உண்மை மாதிரி வந்திருக்கு... அதுகும் எங்கடை செலவில்லை. அரசாங்கச் செலவு."