கர்னல் என்று எழுதிய சீடி

பெண்பிள்ளையான என்னைத் தனியாகக் கொழும்புக்கு அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு அவரும் கூட வந்தார். யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த காலம் அது. தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு பஸ் ஏறினால் எந்த இடத்தில் இறக்கி நிறுத்துவார்களோ தெரியாது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். அங்கிருந்து ஹட்டனுக்கு நான் தினமும் வேலைக்குப் போய்வந்தேன். முஸ்லிம் முதலாளி ஒருவரின் கம்பியூட்டர் கடை. பின்னறையில் உட்கார்ந்து டவுன் கடைகளுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை.

அந்த வருடம் மருந்துக்கடை நடத்தும் பாமசிக்காரர் ஒருவர் கேட்ட வேலை எங்களைத் திணறடித்தது. எந்தக் குளிசையை எப்போது குடிக்க வேண்டும் என்று தமிழில் அச்சடித்து மருந்துப் பையில் ஒட்ட வேண்டும். என் புரோகிராம் அச்சடித்தது. ஆனால் எழுத்துகள் இடம் மாறின. 'வேளை' என்று அடித்தால் வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ளகரத்துக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது.

"இத வாசிச்சிட்டு யாராவது பிழையா குடிச்சா நான்தானே பதில் சொல்லணும்? சரியா வராட்டி வேணாம்" என்றார் பாமசிக்காரர்.

கடையின் மெதுவான நெட் லைனில் வாரக்கணக்கில் தேடினேன். ஒருநாள் ஒரு பக்கம் திறந்தது. ஏழெட்டு நாட்டு ஆட்கள், ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள், நம்முடையதைப் போன்ற எழுத்துகளைத் திரையில் சரியாக அமர்த்த ஒரு நிரலை எழுதிக்கொண்டிருந்தார்கள். முழுவதும் திறந்தே கிடந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், காசு இல்லை. அதைப் பிடித்துப் போனால் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் வேறொன்று. அச்சடிக்க ஒன்று, தகவல் சேமிக்க ஒன்று, பிழை கண்டுபிடிக்க ஒன்று. நான் இரண்டு வருடமாகத் தலையை உடைத்துக்கொண்ட காரியங்களை யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

ஆனால் ஹட்டன் லைனில் எதுவும் முழுதாக இறங்கவில்லை. பாதியில் அறுந்தது. அதனால்தான் கொழும்புப் பயணம். அங்கே ஒரு நெட் கடையில் எல்லாவற்றையும் இறக்கி, சீடிகளில் பதிந்து, மேலே மார்க்கர் பேனையால் ஆங்கிலத்தில் பெயர் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் ஒரு செக்பொயின்டில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையாக நின்றோம். பெண் பொலிஸ் ஒருத்தி என் பையைத் திறந்தாள். சீடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டியவள் ஒன்றில் நிறுத்தினாள். அதில் 'கெர்னல்' என்று எழுதியிருந்தேன். கம்பியூட்டரை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை நிரலுக்கு அதுதான் பெயர். அவள் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள்.

"கர்னல்?"

பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் சட்டென்று திரும்பினான். "எந்தக் கர்னல்?" என்று சிங்களத்தில் கேட்டான். புலித் தலைவர்கள் சிலருக்கும் அந்தப் பட்டம் இருந்தது.

விளங்கப்படுத்த நான் வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து, "வாய தொறக்காத" என்றார் அடிக்குரலில். எங்கள் இருவரையும் நிறுத்திவிட்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் ஒருவர் விசாரித்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நான் வேலை செய்யும் கடைக்கு போன் எடுத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம், முதலாளி தொழுகைக்குப் போயிருக்கும் நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சீடி ஒன்றைத் தன் மேசைக் கம்பியூட்டரில் போட்டார். அது திறக்க முடியாத கோப்புகளைக் காட்டியது. அவர் முகம் இறுகியது.

"இதை யார் உனக்குத் தந்தது?"

"யாரும் தரல்ல சேர். வெளிநாட்டு ஆட்கள் ராப்பகலா எழுதி நெட்டில போட்டிருக்காங்க. யாரும் எடுக்கலாம்."

"எவ்வளவு குடுத்தாய்?"

"சும்மா சேர்."

"சும்மா?" பேனையை மேசையில் வைத்தார். "வெளிநாட்டு ஆட்கள் ராப்பகலா வேலை செய்து, பெயர் தெரியாத உனக்குச் சும்மா தருகிறார்கள். ஏன்?"

அதை எடுத்து வந்த ஆனந்தத்தில், ஏன் தருகிறார்கள் என்று நானே யோசித்ததில்லை. அவர் அப்பா பக்கம் திரும்பி, மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். "டைப் அடிக்கிறா ஐயா" என்றார் அப்பா. புரோகிராம் எழுதுகிறேன் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்; இரண்டும் பொருந்தவில்லை. சப் இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இனிப் பேசிப் பயனில்லை என்று தோன்றியது. சீடிகளில் ஒன்று தன்னிலிருந்தே கம்பியூட்டரை இயக்கக்கூடியது. உள்ளே இருப்பதைத் தொடாது என்று வாசித்திருந்தேன். நானே ஒருமுறையும் போட்டுப் பார்த்ததில்லை.

"சேர், காட்டவா?"

அவர் கதிரையை விட்டு எழுந்தார். சீடியைப் போட்டு, கம்பியூட்டரை மறுபடி இயக்கினேன். திரை கறுத்தது. பிறகு வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடின. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் "சேர், எல்லாத்தையும் அழிக்கிறாள்!" என்று கத்தினான். அப்பா எழுந்தே விட்டார். எழுத்துகள் ஓரிடத்தில் நின்றன. சீடி மட்டும் உள்ளே கரகரத்தது. நிலையத்துக் கம்பியூட்டரை நாசமாக்கிய தமிழ்ப் பெண் என்று என்னை எங்கே கொண்டுபோவார்கள் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

நீல நிறத் திரை ஒன்று விரிந்தது. எழுதும் புரோகிராமைத் திறந்தேன், படம் வரைவதைத் திறந்தேன், ஒரு சீட்டு விளையாட்டையும் திறந்தேன். பிறகு சீடியை வெளியே எடுத்து மறுபடி இயக்கினேன். அவருடைய பழைய திரை, அவர் வைத்திருந்த புத்தர் படத்தோடு அப்படியே வந்தது. அவர் தன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"இதுவும் சும்மாவா?" என்றார் கடைசியில்.

"ஓம் சேர்."

"அப்படியென்றால் இது இங்கே இருக்கட்டும்." அந்தச் சீடியை மேசை லாச்சியில் போட்டுவிட்டு மற்றவற்றை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த பஸ்ஸில் ஹட்டன் வந்தோம். ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா, "கம்பியூட்டரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நாளையிலேருந்து வீட்ல இரு" என்றார்.

நாலு நாள் வீட்டில்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, கால் கழுவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள். "அவ போகட்டுங்க. புடிச்சாங்க, விட்டுட்டாங்க. அதுக்காக மலைக்குக் கொழுந்து பறிக்கவா அனுப்பப் போறீங்க? ஆனா அந்த வெளிநாட்டு சாமான் ஒண்ணும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

சீடிகளைக் கடையிலேயே வைத்தேன். நிரலைப் பொருத்த ஒரு மாதம் போலப் பிடித்தது. லேபிளில் 'வேளை' வேளையாகவே வந்தது. பாமசிக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் வாசித்து, "இப்ப சரி" என்று மட்டும் சொன்னார்.

ஒன்று மட்டும் இடித்தது. 'ஸ்ரீ' எழுத்து உடைந்து இரண்டாக நின்றது. ராப்பகலாக எழுதுகிறவர்களின் நிரலில் எந்த வரி பிழை என்று நானே தேடினேன். கண்டுபிடித்தேன். திருத்தி, அவர்களுக்கு அனுப்ப ஒரு மின்னஞ்சல் எழுதினேன். காசு கேட்கத் தோன்றவேயில்லை. ஏன் சும்மா தருகிறார்கள் என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு இதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. நான் எந்த நாடு என்று போடுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். போட்டேன். அனுப்பும் முன் எழுந்து போய், கடைக்கு முன்னால் பொலிஸ் ஜீப் எதுவும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.