டேப்பெட் கவரில் மூன்று விரல்

செத்துப்போன என் மாமனார், நான் மெருகேற்றிவைத்த எஞ்சினுக்குத் திருநீறு பூச வந்துபோகிறார் என்று நம்பினேன். சிரிக்க வேண்டியதில்லை, அந்த வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஊரில் எல்லோரையும் கேலி செய்துகொண்டு திரிந்தவன், ஒரு அலுமினிய மூடிக்கு முன்னால் கைகட்டி நின்றேன்.

கார் மாமனாருடையது. திருச்செங்கோட்டுப் பக்கம் அவர் தோட்டத்தில், கிணற்றடிக்கு அருகே ஓடு வேய்ந்த சாளைக் கொட்டகையில் நிற்கும் பழைய இங்கிலீஷ் வண்டி. உயிரோடு இருந்தவரை என்னை ஓட்ட விட்டதில்லை. “மாப்ள, நீங்க பொறகால உக்காருங்க” என்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த அதிகபட்ச மரியாதை. அவர் போன பிறகு வந்த தையில் என் கொழுந்தியாளுக்கு வாழப்பாடியில் கல்யாணம். அப்பாவின் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். வண்டியைத் தயார்செய்யும் பொறுப்பு மூத்த மாப்பிள்ளையான என் தலையில் விழுந்தது.

கதவைத் திறந்ததுமே சுருட்டு வாசம். சீட்டில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. உள்கண்ணாடி அவர் உயரத்துக்குத் திருப்பியிருந்ததால் எனக்கு என் நெற்றி மட்டும் தெரிந்தது. அதைத் திருப்பக் கை வரவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டே ஓட்டினேன்.

எஞ்சினின் உச்சியில் மூடியாக இருக்கும் டேப்பெட் கவரில் எண்ணெயும் புழுதியும் அடையாக அப்பியிருந்தன. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினேன். தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டேன், அதுவும் ஏனோதானோ என்று. சேலத்தில் கொலுசுக்கு மெருகு போடும் பட்டறையிலிருந்து மெழுகு கலந்த பாலிஷ் கட்டி வாங்கிவந்து, பழைய வேட்டித் துணியால் தோள் கழலத் தேய்த்தேன். முகம் தெரிந்தது. என் முகம்தான், இரண்டாம் தடவையும் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

மாட்டி, மல்லசமுத்திரம் வரை ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் தூக்கினேன். கவரின் குறுக்கே வெளுப்பாக மூன்று கோடுகள். விரல் பருமன். ஒரு ஓரத்தில் லேசாக மேலேறியிருந்தன. மாமனார் நெற்றியிலும் பட்டை அப்படித்தான் ஏறியிருக்கும். அமாவாசைதோறும் பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் பட்டை போடுகிற மனுஷர் அவர்.

ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. வீட்டுக்குள் போய் மனைவியிடம் கேட்டேன்.

“ஏம்புள்ள, எஞ்சினுக்குத் திருநீறு வெச்சியா?”

“ஏனுங்க, அடுப்புல சோறு கொதிக்குது. நான் எஞ்சினுக்குப் பட்டை போட்டுட்டு இருக்கறனாக்கும்? உங்க நெத்திக்கே நான் வெச்சதில்லீங்க.”

மறுபடி பாலிஷ் போட்டேன். கோடுகள் மறைந்தன. ஓட்டிவிட்டு வந்தேன். திரும்ப வந்திருந்தன. உச்சிவெயில். சாளைக்குள் ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. சூடு ஆறிக்கொண்டிருந்த எஞ்சின் மட்டும், பொறுமையில்லாதவர் நகத்தால் தட்டுவதுபோல டிக், டிக் என்றது.

“மாமா, கண்ணாடியக்கூட நான் திருப்பலைங்க” என்றேன். ஆமாம், வாய்விட்டே சொன்னேன்.

அன்று மாலை, வண்டி கல்யாணத்துக்கு ஆகாது, வாடகைக் கார் பேசிக்கொள்ளலாம் என்று அறிவித்துவிட்டேன். மறுநாள் காலையில் கொழுந்தியாள் சாளைக்கே வந்துவிட்டாள்.

“என்னுங்க மச்சான், வண்டி ஆகாதுன்னு சொல்லிப்போட்டீங்களாமா?”

“எஞ்சின் சரியில்ல அம்மிணி.”

“நேத்துக்கூட நல்லாத்தான ஓட்டீட்டு வந்தீங்க.”

“உங்கப்பாவுக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குது.”

அவள் முகம் சுண்டிவிட்டது. அவளுக்கு அவரிடமிருந்து மிச்சமிருந்தது அந்த ஒரு பயணம்தான், அதையும் நான் அவர் பெயராலேயே பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

“நான் இந்த வண்டில போறது அவருக்கு இஷ்டமில்லீங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பிறகு மூன்று விரலைக் கோடுகளின் மேல் வைத்தாள். கோடுகள் அவள் விரலைவிட அகலமாக இருந்தன.

“எங்கப்பா கைதானுங்க” என்றாள்.

நான் வண்டியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

“வறட்டி சுட்டு அவரே எடுத்த திருநீறுங்க மச்சான். தண்ணி ஊத்திக் கொழகொழன்னு கொழச்சு, அதே எடத்துல அப்புவாரு. தொடைக்க உடமாட்டாரு. இதைப் பாருங்க.”

சுவரில் ஆணியில் தொங்கிய அலுமினியக் கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவர் திருநீறு குழைத்த கிண்ணம். அடியில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் வெயில்.

சாம்பல் தண்ணீர் வருடக்கணக்கில் ஊறிக் கவரையும் அப்படித்தான் அரித்திருந்தது. ஏனோதானோ என்று தேய்த்ததில் கண்ணில் படாமல் போன அந்தப் பள்ளங்களை நான் பாலிஷ் மெழுகால் நிரப்பியிருக்கிறேன். எஞ்சின் சூட்டில் மெழுகு உருகி வழிந்ததும் கோடுகள் வெளியே வந்தன.

“உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சு எடுத்தரட்டா அம்மிணி?”

“இருக்கட்டுங்க மச்சான்.”

எடுக்கவில்லை. கல்யாணத்தன்று நான்தான் ஓட்டினேன். கிளம்புமுன் கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டேன். பின்சீட்டில் கொழுந்தியாளும் என் மனைவியும் இருந்தார்கள். வேறு யாரும் இல்லை. வாழப்பாடி போய்ச் சேரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.