ஓடக்காரன் கேட்கக்கூடாத கேள்வி

இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலச் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் தமிழ் பேசும் எந்தப் பயணியிடமும் "எங்கே போகிறீர்கள்?" என்று நான் கேட்டதில்லை. சிங்களத்தில் கேட்பேன். சிங்களத்தில் கேட்டால் ஒன்றும் ஆகாது. தமிழில், வாசலை விட்டு இறங்கும் ஆளைப் பார்த்து எங்கே என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாது. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், திரும்பி வீட்டுக்குள் வந்து, கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அதனால் தமிழ் ஆட்கள் வந்தால் "தூரமா?" என்று மட்டும் கேட்பேன். அவர்களே "மாத்தளை ஆஸ்பத்திரி" என்றோ "எல்கடுவ" என்றோ சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு இறங்கும் வரை நான் வாய் திறக்க மாட்டேன். எனக்குக் கூச்சம் அதிகம்.

ஸ்டேண்டில் என் ஆட்டோவுக்குப் பின்னால் நிற்பது ஒரு முஸ்லிம் பெரியவரின் ஆட்டோ. அண்ணன் என்கிற பொருளில் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். அவரால் பேசாமல் இருக்க முடியாது. ஒரு நாள் என் போனைப் பிடுங்கி அதில் ஒரு கேம் போட்டுக் கொடுத்தார்.

"தம்பி, நீங்க பேசவும் மாட்டீங்க, தூங்கவும் மாட்டீங்க. முன்னால ஒரு மைல்கல் நிக்கிற மாதிரி இருக்கு எனக்கு. இதயாச்சும் வெளாடுங்க."

மீன்பிடிக்கிற கேம் அது. ஏரிக்கரையில் ஒரு குடிசை, ஒரு கிணறு, ஒரு படகுத்துறை. துறையில் ஓர் ஓடக்காரன் நிற்பான். அவன் நம் மீனவனை ஏரி நடுவுக்குக் கூட்டிப் போவான். சின்ன மீன்கள் எல்லோருக்கும் கிடைக்கும். பெரிய விரால் ஒன்று இருக்கிறது, அது லேசில் கிடைக்காது, தூண்டிலை அறுத்துக்கொண்டு போய்விடும். எழுத்தெல்லாம் தமிழில் இருந்ததால் எனக்கும் வாசிக்க முடிந்தது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் வாசித்துவிடுவேன்.

முதல் நாளே ஓடக்காரன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "எங்கே போகிறாய்?"

எனக்குத் திக்கென்றது. ஓடத்தில் கால் வைக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? கீழே "பிறகு வருகிறேன்" என்று ஒரு பதில் இருந்தது, அதை அழுத்தினேன். மீனவனைத் திருப்பிக் கிணற்றடிக்கு நடத்திக்கொண்டு போய், தண்ணீர் குடிக்க வைத்து, சற்று உட்கார வைத்து, மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கே பெரிய விரால் மாட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தேன், ஒவ்வொரு முறையும் மாட்டியது. இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆச்சரியம் விக்கியைப் பார்த்தபோதுதான் வந்தது. கேம் விளையாடுகிறவர்களே சேர்ந்து அந்தக் கேமைப் பற்றி எழுதி வைத்திருக்கிற தளம் அது. பெரிய விரால் பக்கத்தில் இரண்டே வரி இருந்தது: "பெரிய விரால் ஏரியின் நடுவில் கிடைக்கும். பிடிப்பது மிகவும் கடினம்." பாவம், யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து மூலையில் "தொகு" என்று ஒரு பொத்தான், யாரும் திருத்தலாம் என்று ஒரு குறிப்பு. அழுத்தினேன். சட்டையைத் திருப்பிப் போட்டது போல உள்தையல் முழுதும் வெளியே வந்துவிட்டது. அடைப்புக்குறிகள், கோடுகள், நட்சத்திரக் குறிகள். நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று போனை அணைத்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு எல்கடுவைக்கு ஒரு ஹயர், அதாவது வாடகைச் சவாரி, போனேன். மலை ஏறுகிற வரைக்கும், யார் வந்து கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்றே யோசனை. திரும்பி வந்து பார்த்தால் பக்கம் அப்படியே இருந்தது.

அந்தத் தைரியத்தில் முதல் திருத்தம் செய்தேன். விரால் பக்கத்தின் தலையில் "அனைவருக்கும் வணக்கம்" என்று எழுதினேன். முன்பின் தெரியாத இடத்துக்குள் வணக்கம் சொல்லாமல் எப்படி நுழைவது? மறுநாள் அதைக் காணவில்லை. அழிந்துபோய்விட்டது போல என்று திரும்ப எழுதினேன். அதற்கு மறுநாளும் காணவில்லை. மறுபடி எழுதினேன். அப்போது ஆந்தைப் படம் போட்ட ஒரு நிர்வாகியிடமிருந்து செய்தி வந்தது.

"கட்டுரையின் மேல் வணக்கம் எழுத வேண்டாம். இது மூன்றாவது முறை."

"மன்னிக்கவும் ஐயா" என்று எழுதினேன்.

"நான் ஐயா இல்லை."

"மன்னிக்கவும் அம்மா."

"அம்மாவும் வேண்டாம்."

அன்று பின்னேரம் முழுதும் யோசித்து, "சரிங்க" என்று அனுப்பினேன்.

அடுத்து, தூண்டில் பக்கத்தில் ஒரு வரியின் முடிவில் முற்றுப்புள்ளி இல்லாமல் இருப்பதைக் கண்டேன். ஆனால் அது வேறொருவர் எழுதிய பக்கம். அடுத்தவர் தோட்டத்தில் ஒரு கறிவேப்பிலை கிள்ளுவது என்றாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தானே கிள்ளுகிறோம்? எழுதியவரைத் தேடிப் பிடித்து, "உங்கள் பக்கத்தில் மூன்றாவது வரியில் ஒரு முற்றுப்புள்ளி வைக்க விரும்புகிறேன், உங்களுக்கு ஆட்சேபனை இல்லையென்றால்" என்று கேட்டிருந்தேன். ஐந்து நாள் கழித்து, "யார் நீங்க?" என்று பதில் வந்தது. நான் பயந்து ஒதுங்கிவிட்டேன். ஆந்தைதான் வந்து, "இங்கே யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, வையுங்கள்" என்று எழுதினார். வைத்தேன். அந்தப் புள்ளி இன்றும் இருக்கிறது.

திருத்தத்தைச் சேமிக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வரும். "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்கும். நான் ஒளிக்காமல் "மழை, ஹயர் இல்லை" என்று எழுதினேன். அதற்கடுத்த முறையும் மழை. ஒரு வாரம் அப்படியே போனது. ஆந்தை கேட்டார்: "இந்த 'மழை, ஹயர் இல்லை' என்பது கேமில் வருகிற ஏதாவதா? நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை."

இப்படியெல்லாம் பழகித்தான் விரால் பக்கத்தில் என் பத்தியை எழுதினேன். ஒற்றை விரலால் மூன்று நாள் எடுத்தது.

"ஏறுமுன் ஓடக்காரர் எங்கே போகிறாய் என்று கேட்பார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்குப் பழக்கம். கேட்டதும் ஏற வேண்டாம். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குத் திரும்பவும். தண்ணீர் குடிக்கவும். சற்று உட்காரவும். பிறகு போனால் விரால் கிடைக்கும். கேட்ட கையோடு போனால் காரியம் உருப்படாது."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒரு பத்தியாக எழுதியது இதுதான். இரண்டு நாளில் எட்டுப் பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். ஒருவர், "மூன்று வாரமாகப் பிடிக்க முடியாததை இன்று பிடித்தேன், உங்களுக்குக் கைராசி" என்று எழுதியிருந்தார். அதை ஸ்டேண்டில் உட்கார்ந்து ஆறு தடவை வாசித்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினேன். அதுதான் நான் செய்த தவறு.

அவள் கோவிலில் போய்ச் சொல்லிவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் எழுதுறாருங்க."

"என்னா எழுதுறாரு?"

"மீனப் பத்தி."

"மீன் கடை போடப் போறாரா?"

இந்தக் கேள்வியோடு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் போனைக் கொண்டுவந்து, நான் சகுனத்தைப் பற்றி எழுதியதை எல்லோருக்கும் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் என் பத்திக்கு மேல் ஒரு சிவப்புப் பெட்டி ஏறியிருந்தது. "இந்தப் பகுதிக்கு ஆதாரம் இல்லை. சகுன நம்பிக்கை போலத் தெரிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் தரப்படாவிட்டால் நீக்கப்படும்." ஆந்தைதான்.

"நான் தினமும் செய்கிறேன், தினமும் கிடைக்கிறது" என்று எழுதினேன்.

"கேமுக்குச் சகுனம் தெரியாது."

"கேமுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்களுக்குத் தெரியும்."

"சரி. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனாலும் ஓடக்காரர் அதே கேள்வியைத்தானே கேட்கிறார்?"

மறுநாள் முழுதும் ஆட்டோ ஓட்டிக்கொண்டே யோசித்தேன். கடைசியில், "தண்ணீர் குடித்த பிறகு கேட்டால் பாதிக்காது" என்று அனுப்பினேன்.

"அப்படியானால் பத்து முறை குடித்துவிட்டுப் போங்கள், பத்து முறை குடிக்காமல் போங்கள். என்ன நடந்தாலும் நடந்ததை எழுதுங்கள்."

புதன்கிழமை ஸ்டேண்டில் நானாவிடம் உதவி கேட்டேன். நான் தண்ணீர் குடித்துவிட்டுப் போவது, அவர் தன் போனில் குடிக்காமல் போவது.

"அப்ப தரித்திரம் புடிச்ச பக்கம் எனக்கா?" என்றார்.

"நீங்கதான் நானா இதெல்லாம் நம்ப மாட்டீங்களே."

"நம்ப மாட்டேன். ஆனா தோக்கவும் மாட்டேன்."

எனக்குப் பத்தில் ஒன்பது விரால் கிடைத்தது. பத்தாவதின்போது ஒரு ஹயருக்கு அழைப்பு வந்துவிட்டது, அது கணக்கில் வராது. நானாவுக்கு ஏழு முறை வரிசையாக அறுந்தது. ஏழாவதில் அவர் போனைப் பார்த்து, "டேய், நான் எங்க போனா ஒனக்கு என்னாடா?" என்று கத்தியதில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பத்தி பிழைத்தது, வெள்ளிக்கிழமை பிழைத்தது.

எட்டாவது முறை அவர் துள்ளினார். "தம்பி, மாட்டிக்கிட்டான்!"

"தண்ணி குடிச்சீங்களா?"

"இல்ல."

"திரும்பிப் போயி ஒக்காந்தீங்களா?"

"நான் ஒக்காந்துதானே ஈக்கிறேன், ஆட்டோக்குள்ள."

"நீங்க இல்ல நானா, மீன் புடிக்கிறவன்!"

"அவனும் இல்ல."

"வேற என்னா செஞ்சீங்க?"

"ஒன்னுமே செய்யல. அவன் பையில கொஞ்சம் ரொட்டி கெடந்திச்சி. தின்னக் குடுத்தேன். பாவம், காலையில இருந்து அலையிறான்."

ஒன்பதாவதுக்கும் ரொட்டி கொடுத்தார், விரால். பத்தாவதுக்கும் ரொட்டி, விரால். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சகுனத்தை மாற்றத் தண்ணீர் குடிப்பார்கள். ரொட்டி தின்றதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏழோட நிப்பாட்டிட்டேன்னு எழுதுங்க, ஆருக்குத் தெரியும்?" என்றார்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. அன்று பின்னேரம் மறுபடி எல்கடுவ ஹயர். ஒவ்வொரு வளைவிலும் கோவிலில் பெண்கள் போனைச் சுற்றி நிற்பது கண்ணில் வந்தது. அவர்களுக்கு முன்னால் என் மனைவி. ஆனால் கைராசி என்று எழுதிய அந்த ஆளும் நினைவில் வந்தார். பையில் ரொட்டி வைத்திருக்கிறவர்களைக் கிணறு வரைக்கும் நான் சும்மா நடக்க வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை எல்லாவற்றையும் எழுதினேன், ரொட்டி உட்பட. "ஏன் மாற்றினீர்கள்?" என்ற பெட்டியில், "நானா ரொட்டி கொடுத்ததால்" என்று போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆந்தையின் பதில் வந்தது.

"திரையின் மேல் மூலையில் ஒரு பச்சைக் கோடு இருக்கிறதே, அது என்ன அளவில் இருந்தது?"

"அது போன் சார்ஜுங்க. நான் கவனிக்கவில்லை."

பிறகு வந்தது: "அது மீனவனின் பலம். நடந்தால் குறையும். குடித்தால், சாப்பிட்டால் கூடும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது முழுதாக இருந்தால்தான் விரால் தூண்டிலை அறுக்காது என்பது இதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. நானும் காலையில் இருபது முறை போய்ப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. காரணம்தான் வேறு."

அந்தக் கோடு குறையும்போதெல்லாம் நான் போனை சார்ஜில் போட்டிருக்கிறேன். போட்டும் ஏறவில்லையே என்று மாத்தளைக்குப் போய்ப் புது பேட்டரியும் மாற்றியிருக்கிறேன். இதை ஆந்தையிடம் சொல்லவில்லை.

சிவப்புப் பெட்டி போய்விட்டது. பத்தியும் மாறிவிட்டது. பலக்கோடு நிறைந்திருக்கும்போது ஓடத்தில் ஏறவும், கிணற்று நீரோ ரொட்டியோ போதும் என்று சுருக்கமாக இருந்தது. ஆனால் நடுவில் சம்பந்தமே இல்லாமல், "ஓடக்காரர் மேல் குற்றமில்லை, அவருக்குப் பழக்கம்" என்ற வரி மட்டும் அப்படியே நின்றது. அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அழிக்க மனம் வரவில்லை" என்று எழுதினார்.

அன்று பூசை முடிந்து மனைவி போனை நீட்டினாள். நான் செருப்பு கழற்றுகிற இடத்தில் ஒளிந்து நின்றேன். ஒரு பெண் சத்தமாக வாசித்து முடித்துவிட்டு, "சகுனம்னு சொன்னீங்களே, ரொட்டின்னுல்ல போட்டிருக்கு?" என்றாள்.

என் மனைவி ஒரு கணம்தான் திகைத்தாள். "ரொட்டியும் அதுக்குத்தாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். யாரும் தெரியாது என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஆட்டோவை ஸ்டார்ட் செய்கிறேன், அடுத்த வீட்டுப் பெண் வேலிக்கு மேலாக, "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். மனைவி ஓடி வந்து என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். தண்ணீர் வரும் என்று கையை நீட்டினேன். தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வந்தன.

"இப்பதானே சாப்பிட்டேன். ஒரு வாய் தண்ணி போதும்."

"ஒங்க விக்கியிலயே போட்டிருக்கு. தின்னுங்க."

இதை நானாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. திங்கட்கிழமை விடிந்ததும் எங்கள் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நான் இன்னும் சட்டைகூடப் போடவில்லை. நானா இறங்கி, தெரு முழுக்கக் கேட்கும்படி, "தம்பி, எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டு, நேரே உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மனைவி இரண்டு தட்டு எடுத்தாள்.